வாட்ச் 'ஓய்வு எடு' என்கிறது, உடம்பு 'ஓடலாம்' என்கிறது: எச்ஆர்வி எண்ணை எவ்வளவு நம்பலாம்?

மட்டாஞ்சேரியில் அதிகாலை 5.15. பஜார் ரோட்டுக்குச் சரக்கு லாரிகள் வர இன்னும் நேரம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் கலந்த வாசனை வருகிறது. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு, கல்வத்தி வழியாக ஃபோர்ட் கொச்சி கடற்கரை வரை ஓடித் திரும்பலாம் என்று கிளம்புகிறீர்கள். அப்போது கையில் இருக்கும் வாட்ச் சொல்கிறது: எச்ஆர்வி வழக்கத்தைவிடக் குறைவு, இன்று ஓய்வு எடுங்கள்.

அட்டவணைப்படி இன்று வேக ஓட்டம். உடம்பு நல்லாத்தான் இருக்கு. நேற்று ராத்திரி அமெரிக்க கிளையன்ட்டுடன் கால் 11.30 வரை இழுத்தது, சாப்பிடவே 12 மணி ஆகிவிட்டது, அவ்வளவுதான். இப்போ ஓடுவதா, திரும்பிப் போய்ப் படுப்பதா?

கொச்சியில் 2014 முதல் 'சோல்ஸ் ஆஃப் கொச்சின்' ஓட்டக் குழு ஸ்பைஸ் கோஸ்ட் மாரத்தானை நடத்தி வருகிறது. இந்த மாதிரிப் போட்டிகளுக்குத் தயாராகும் ஐ.டி., வங்கி, மருத்துவத் துறை இளைஞர்களில் பலர் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. அது தினமும் எச்ஆர்வி, விஓ2 மேக்ஸ் என்று இரண்டு எண்களைக் காட்டுகிறது. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன, எந்த இடத்தில் இவற்றை நம்பக் கூடாது என்று பார்ப்போம்.

எச்ஆர்வி என்றால் என்ன?

உங்கள் இதயம் நிமிடத்துக்கு 60 முறை துடிக்கிறது என்றால், சரியாக ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு என்று நினைப்போம். நிஜத்தில் அப்படி இல்லை. ஒரு இடைவெளி 960 மில்லி விநாடி இருக்கும், அடுத்தது 1010, அதற்கடுத்தது 1040, பிறகு 990. சராசரி 1000 வருவதால் வாட்ச் '60' என்று காட்டுகிறது. துடிப்புக்குத் துடிப்பு வரும் இந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் எச்ஆர்வி, அதாவது இதயத் துடிப்பு மாறுபாடு.

இது ஏன் மாறுகிறது? இதயத்தை இரண்டு வகை நரம்புகள் இயக்குகின்றன. ஒன்று ஆக்ஸிலரேட்டர் மாதிரி: வேலை, பயம், கோபம், ஓட்டம் எல்லாவற்றுக்கும் துடிப்பைக் கூட்டும். இன்னொன்று பிரேக் மாதிரி: ஓய்விலும் தூக்கத்திலும் துடிப்பைக் குறைக்கும். இந்த பிரேக் வேலையைச் செய்வது மூளைத் தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு. மூச்சை இழுக்கும்போது பிரேக் கொஞ்சம் தளர்ந்து துடிப்பு வேகமாகிறது, விடும்போது பிரேக் இறுகித் துடிப்பு மெதுவாகிறது. பிரேக் நன்றாக வேலை செய்தால் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். உடம்பு அழுத்தத்தில் இருந்தால் பிரேக் விலகிவிடும், இடைவெளிகள் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடும், எச்ஆர்வி குறையும்.

ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் பார்ப்பது ஆர்எம்எஸ்எஸ்டி என்ற கணக்கு. அடுத்தடுத்த இடைவெளிகளுக்கு இடையிலான வித்தியாசங்களை எடுத்து, வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மேலே சொன்ன நான்கு இடைவெளிகளில் வித்தியாசங்கள் 50, 30, 50. விடை சுமார் 44 மில்லி விநாடி. வாட்ச் இதையே நூற்றுக்கணக்கான துடிப்புகளுக்குச் செய்கிறது.

மருத்துவமனையிலிருந்து மணிக்கட்டுக்கு

மூச்சோடு சேர்ந்து துடிப்பு மாறுவதை ஜெர்மன் உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847-லேயே பதிவு செய்தார். 1960-களில் ஹான், லீ என்ற ஆய்வாளர்கள், கருவில் உள்ள குழந்தை ஆபத்தில் இருக்கும்போது துடிப்பு வேகம் மாறுவதற்கு முன்பே துடிப்பு இடைவெளிகளின் மாறுபாடு குறைவதைக் கவனித்தார்கள். 1987-ல் க்ளைகரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வு, மாரடைப்புக்குப் பிறகு எச்ஆர்வி மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு இறப்பு ஆபத்து அதிகம் என்று காட்டியது. எப்படி அளக்க வேண்டும், எந்தப் பெயரில் குறிக்க வேண்டும் என்ற பொது விதிகளை ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 1996-ல் வகுத்தன.

விளையாட்டுக்கு இது வந்தது பின்லாந்து வழியாக. 1977-ல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், நெஞ்சுப் பட்டையிலிருந்து வயர் இல்லாமல் துடிப்பைக் காட்டும் கருவியை 1980-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று கார்மின் வாட்சுகளில் இருக்கும் கணக்குகளில் பெரும்பகுதியை உருவாக்கிய ஃபர்ஸ்ட்பீட் நிறுவனமும் பின்லாந்தில் பிறந்ததுதான். 2020-ல் கார்மின் அதை வாங்கியது.

'என்னோடது 45, அவனோடது 90': யார் ஃபிட்?

ஓட்டக் குழு வாட்ஸ்ஆப்பில் அடிக்கடி நடக்கும் ஒப்பீடு இது. இதற்கு அர்த்தமே இல்லை.

வயது, பாலினம், மரபு, உடல்வாகு எல்லாம் எச்ஆர்வியைத் தீர்மானிக்கின்றன. ஒரே ஃபிட்னஸ் உள்ள இரண்டு பேருக்கு ஒருவருக்கு 35, இன்னொருவருக்கு 100 என்று வரலாம். வயது கூடக்கூட எண் குறையும். கருவிக்குக் கருவி கணக்கும் மாறும். ஆப்பிள் வாட்ச் ஹெல்த் ஆப்பில் காட்டுவது எஸ்டிஎன்என் என்ற வேறு அளவு. கார்மின், ஊப், ஔரா போன்றவை ஆர்எம்எஸ்எஸ்டி வகையில் காட்டுகின்றன. கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது போலத்தான்.

ஒப்பிட வேண்டியது உங்களை உங்களோடு. அதற்கும் ஒரு நாள் எண் போதாது. எச்ஆர்வி இயல்பாகவே நாளுக்கு நாள் தாவும். எந்தக் காரணமும் இல்லாமல் இன்று 52, நாளை 41 என்று வரும். அதனால்தான் டேனியல் ப்ளூஸ் போன்ற விளையாட்டு அறிவியல் ஆய்வாளர்கள், ஒற்றை நாளை விட்டுவிட்டு 7 நாள் நகரும் சராசரியைப் பார்க்கச் சொன்னார்கள். வாரத்தில் குறைந்தது 3 நாளாவது அளந்திருந்தால் அந்தச் சராசரிக்கு ஓரளவு மதிப்பு உண்டு.

ஒரு கற்பனை உதாரணம். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் எண் பெரும்பாலும் 42-க்கும 56-க்கும் இடையில் இருந்தது என்று வைப்போம். அது உங்கள் வழக்கமான எல்லை. இன்று 39 வந்தால் அது ஒரு தகவல், அவ்வளவுதான். 7 நாள் சராசரியே 40-க்குக் கீழே போய், அங்கேயே தங்கிவிட்டால் கேள்வி கேட்க வேண்டும்: தூக்கமா, ஜுரம் வரப்போகிறதா, பயிற்சி அதிகமாகிவிட்டதா, ஆபீஸா, வீடா?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். எச்ஆர்வி 'ஏதோ மாறியிருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். என்ன மாறியது என்று அதற்குத் தெரியாது. கடினமான ஓட்டம், இரண்டு பீர், நள்ளிரவுப் பிரியாணி, மேனேஜரோடு சண்டை, ஆரம்ப நிலைக் காய்ச்சல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்.

ஒழுங்காக அளப்பது எப்படி?

அளவு சரியாக இருக்க வேண்டுமானால் நிலைமை தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

- காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், போனைப் பார்க்கும் முன் அளக்கவும். இரவு முழுக்கத் தானாக அளக்கும் வாட்ச் என்றால் அதையே தொடரவும். இரண்டையும் கலக்க வேண்டாம்.
- படுத்து அளந்தால் தினமும் படுத்து, உட்கார்ந்து அளந்தால் தினமும் உட்கார்ந்து. உட்கார்ந்தாலே எண் மாறும்.
- இயல்பாக மூச்சு விடவும். நிமிடத்துக்கு 6 முறை என்று மெதுவாக மூச்சு விட்டால் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகும். பிராணாயாமம் செய்துகொண்டே அளந்துவிட்டு 'இன்னைக்கு சூப்பர்' என்று மகிழ்வது உங்களை நீங்களே ஏமாற்றுவது.
- ஒரு நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை அசையாமல் இருக்க வேண்டும்.

எந்தக் கருவி? இதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிக்கும் நெஞ்சுப் பட்டைதான் இன்றும் நம்பகமானது. மணிக்கட்டு வாட்ச் பச்சை விளக்கை அடித்து, தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதை வைத்துத் துடிப்பைக் கணிக்கிறது. அசையாமல் தூங்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போது கை ஆட்டம், வியர்வை, தளர்வான ஸ்ட்ராப், பச்சை குத்திய தோல் எல்லாம் குழப்பும். அதனால் ஓட்டத்தின் நடுவே வாட்ச் காட்டும் எச்ஆர்வியைப் பொருட்படுத்த வேண்டாம். போன் கேமராவில் விரல் வைத்து அளக்கும் ஆப்களும் உண்டு. அசையாமல் இருந்தால் அவையும் பயன்படும்.

ஏரோபிக் ஃபிட்னஸ் வேறு கணக்கு

இப்போது இரண்டாவது எண். கடினமாக ஓடும்போது உங்கள் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும்? அதுதான் விஓ2 மேக்ஸ். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு இத்தனை மில்லி லிட்டர் என்று சொல்வார்கள். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஏ.வி. ஹில் 1920-களில் ஓட்டக்காரர்களின் மூச்சுக் காற்றைப் பைகளில் பிடித்து அளந்து இந்தக் கருத்தை நிறுவினார்.

பைக் மொழியில் சொன்னால், விஓ2 மேக்ஸ் இன்ஜின் சிசி மாதிரி. அது வாரங்களிலும் மாதங்களிலும்தான் மாறும். எச்ஆர்வி இன்றைக்கு இன்ஜின் எவ்வளவு சூடாகிக் கிடக்கிறது என்பது மாதிரி. அது ஒரே இரவில் மாறும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தப்பு முடிவுகளுக்குக் காரணம். எச்ஆர்வி கூடிவிட்டது என்பதால் நீங்கள் வேகமாகிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. இரண்டு நாள் குறைந்தது என்பதால் ஃபிட்னஸ் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை.

விஓ2 மேக்ஸைச் சரியாக அளக்க முகக்கவசம், டிரெட்மில், வாயு அளக்கும் கருவி உள்ள பரிசோதனைக் கூடம் வேண்டும். வாட்ச் அதை அளப்பதில்லை, கணிக்கிறது. 'இவ்வளவு வேகத்துக்கு இவ்வளவு துடிப்பு' என்ற உறவை எடுத்து, உங்கள் அதிகபட்சத் துடிப்போடு ஒப்பிட்டு ஒரு எண்ணைத் தருகிறது. அந்த அதிகபட்சத் துடிப்பே பல வாட்சுகளில் 220-லிருந்து வயதைக் கழித்து வருவதுதான். 30 வயது என்றால் 190. நிஜத்தில் 30 வயதுக்காரர் ஒருவருக்கு அது 178-ஆகவும் இருக்கலாம், 202-ஆகவும் இருக்கலாம். அடிப்படையே தப்பாக இருந்தால் மேலே வரும் எண்ணும் தப்பாகத்தான் இருக்கும்.

செலவே இல்லாத ஒரு வழி உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்ட 12 நிமிடச் சோதனை. 12 நிமிடத்தில் முடிந்தவரை தூரம் ஓட வேண்டும். ஓடிய மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுக்க வேண்டும். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம் போன்ற 400 மீட்டர் டிராக்கில் 6 சுற்று, அதாவது 2400 மீட்டர் ஓடினால் விடை சுமார் 42. 7 சுற்று, 2800 மீட்டர் என்றால் சுமார் 51. இதுவும் கணிப்புதான். ஆனால் அதே டிராக்கில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓடினால் முன்னேற்றம் தெரியும். ஒரு எச்சரிக்கை: இது முழு மூச்சில் ஓடும் சோதனை. ஏற்கெனவே சில மாதங்களாக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிதாகத் தொடங்குபவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

அதைவிட மென்மையான இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே துடிப்பு. உதாரணமாக 5 கிலோமீட்டரை, துடிப்பு 145-ஐத் தாண்டாமல் ஓடுங்கள். இன்று 36 நிமிடம் ஆகிறது. எட்டு வாரம் கழித்து அதே 145 துடிப்பில் 34 நிமிடம் ஆனால், உங்கள் ஏரோபிக் ஃபிட்னஸ் கூடியிருக்கிறது. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி பக்கத்துச் சாலைகள் தட்டையானவை என்பதால் இதற்கு மிக வசதி. தோப்பும்படிப் பாலங்களில் ஏறினால் அந்த ஏற்றமே துடிப்பைத் தூக்கிவிடும், அதனால் சோதனை நாளில் பாலத்தைத் தவிர்க்கவும்.

கொச்சியின் புழுக்கம் செய்யும் குழப்பம்

'பெங்களூரில் 48 காட்டிய வாட்ச் கொச்சி வந்ததும் 44 காட்டுது. மூணு வாரத்துல என் ஃபிட்னஸ் போச்சா?'

போகவில்லை. ஓடும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை உடல் வியர்வை ஆவியாவதன் மூலம் வெளியேற்றுகிறது. கொச்சியில் ஜனவரி அதிகாலையிலும் 22, 23 டிகிரி இருக்கும். காலை நேர ஈரப்பதம் ஆண்டின் பல மாதங்களில் 80 சதவீதத்தைத் தாண்டும். காற்றில் ஏற்கெனவே இவ்வளவு ஈரம் இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. வெப்பத்தைத் தள்ள உடல் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்புகிறது. வியர்வையால் ரத்தத்தில் நீரின் அளவும் குறைகிறது. ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைவதால், அதே வேகத்தைத் தக்கவைக்க இதயம் அதிக முறை துடிக்க வேண்டியிருக்கிறது. 5-வது கிலோமீட்டரில் 145 இருந்தது, வேகம் மாறாமலேயே 12-வது கிலோமீட்டரில் 160 ஆகிவிடும். இதைத் துடிப்பு நகர்வு என்று சொல்லலாம்.

'அதே வேகத்துக்கு அதிகத் துடிப்பு' என்று மட்டும் பார்க்கும் வாட்ச், இவருக்கு ஃபிட்னஸ் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். சில மாடல்கள் வெப்பநிலையைக் கணக்கில் எடுக்கின்றன, ஆனால் முழுமையாகச் சரிசெய்ய முடிவதில்லை.

நல்ல செய்தி: உடம்பு பழகிக்கொள்ளும். வெக்கையில் தினமும் மிதமாக ஓடினால் 7 முதல் 14 நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், துடிப்பு இறங்கும். புது ஊருக்கு வந்த முதல் இரண்டு வாரம் வேகத்தைப் பார்க்காமல் துடிப்பையும் மூச்சையும் பார்த்து ஓடுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது எளிதான ஓட்டம். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் அது கடினமான ஓட்டம். இந்தச் சோதனைக்கு சார்ஜும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

இன்ஜின் பெரிதாக இருந்தாலும் அன்றைய நாள் வேறு மாதிரி அமையலாம் என்பதற்குக் கேரளத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. வயநாட்டைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷா, 2015 பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப் மாரத்தானை 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் முடித்து தேசிய சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் அவருக்கு 2 மணி 47 நிமிடம் 19 விநாடி ஆனது. கடும் வெயிலில் ஓடி முடித்ததும் மயங்கி விழுந்தார். ஒரு வருடத்தில் 12 நிமிடத்துக்கும் மேல் வித்தியாசம். வெப்பம், தண்ணீர், அன்றைய உடல்நிலை ஆகியவை தேசிய சாதனையாளரையே சாய்க்கும் என்றால், வார இறுதி ஓட்டக்காரர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

எச்ஆர்வியைப் பார்த்துப் பயிற்சியை மாற்றினால் பலன் உண்டா?

கொஞ்சம் உண்டு என்கின்றன ஆய்வுகள்.

பின்லாந்தின் ஔலு நகரில் கிவினியேமி குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 26 ஆண்கள் பங்கேற்றார்கள், பயிற்சி நான்கு வாரம் நடந்தது. ஒரு குழு அட்டவணைப்படி ஓடியது. இன்னொரு குழு தினமும் காலை எச்ஆர்வியைப் பார்த்து, நன்றாக இருந்தால் கடினமாகவும், குறைந்திருந்தால் எளிதாகவும் ஓடியது அல்லது ஓய்வெடுத்தது. ஆக்ஸிஜன் பயன்பாட்டுத் திறன் இரண்டாவது குழுவில் தெளிவாகக் கூடியது. அட்டவணைக் குழுவில் அப்படித் தெரியவில்லை. 2016-ல் வெஸ்டரினென் குழு, பொழுதுபோக்காக ஓடும் 40 பேரை வைத்து இதேபோல ஓர் ஆய்வு செய்தது. எச்ஆர்வி பார்த்து ஓடியவர்கள் கடினமான பயிற்சிகளைக் குறைவாகவே செய்தார்கள். ஆனாலும் 3000 மீட்டர் ஓட்டத்தில் அவர்கள் முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது.

இவை சிறிய ஆய்வுகள். பின்னால் வந்த தொகுப்பு ஆய்வுகளும் சராசரிப் பலன் சிறியது என்றே சொல்கின்றன. எச்ஆர்வி உங்களை வேகமாக்கும் மந்திரம் இல்லை. தப்பான நாளில் கடினமாக ஓடுவதைத் தடுப்பதுதான் அதன் உண்மையான பயன். ஆபீஸ், டிராஃபிக், தூக்கமின்மை எல்லாவற்றோடும் பயிற்சியைச் சுமப்பவர்களுக்கு அது சின்ன உதவி இல்லை.

நடைமுறைக்கு ஓர் எளிய விதி:

- எச்ஆர்வி வழக்கமான எல்லைக்குள், உடம்பும் நன்றாக இருக்கிறது: அட்டவணைப்படி ஓடவும்.
- எச்ஆர்வி ஒரு நாள் குறைவு, உடம்பு நன்றாக இருக்கிறது: ஓடலாம், வேக ஓட்டத்தை எளிதான ஓட்டமாக மாற்றவும்.
- எச்ஆர்வி நன்றாக இருக்கிறது, உடம்பு சோர்வு: உடம்பு சொல்வதைக் கேட்கவும்.
- 7 நாள் சராசரி குறைந்தே இருக்கிறது, ஓய்வுத் துடிப்பும் கூடியிருக்கிறது, தூக்கம் சரியில்லை: அந்த வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைக்கவும்.

எண் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. இந்த விஷயம்தான் பலருக்குத் தெரியாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒரு துடிப்புக் கோளாறு உண்டு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும். அப்போது துடிப்பு இடைவெளிகள் தாறுமாறாக மாறும். கணக்கு போடும் இயந்திரத்துக்கு அது 'மிக உயர்ந்த எச்ஆர்வி'. நடுவில் முன்கூட்டியே வரும் கூடுதல் துடிப்பு ஒன்றிரண்டு இருந்தாலும் எண் எகிறும். வழக்கமாக 50 காட்டும் வாட்ச் திடீரென்று 150 காட்டினால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். முதலில் அளவு தப்பா என்று பாருங்கள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே வந்தால், அல்லது படபடப்பு, தலைச்சுற்றல் இருந்தால், இசிஜி எடுத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் மிக அதிகமாக நீண்டதூரப் பயிற்சி செய்தவர்களிடம் இந்தக் கோளாறு சற்று அதிகம் காணப்படுவதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

அதேபோல, அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தவர்களில் சிலருக்கு எச்ஆர்வி குறையாமல் கூடவும் செய்யும். ஓய்வுத் துடிப்பு மிகக் குறைவாக உள்ள சிறந்த வீரர்களில் சிலருக்கு ஃபிட்னஸ் கூடும்போதே எச்ஆர்வி குறையும். எண்ணை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது என்பதற்கு இவையே சாட்சி.

வாட்ச் பச்சை காட்டினாலும் ஓடக் கூடாத நாட்கள்

எச்ஆர்வி நன்றாக இருக்கிறது என்பது 'இதயத்தில் அடைப்பு இல்லை' என்ற சான்றிதழ் இல்லை. ரத்தக்குழாய் அடைப்பையோ, இதயத் தசை தடித்திருப்பதையோ அந்த எண்ணால் பார்க்க முடியாது.

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை முழு, அரை மாரத்தான்களில் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு 2012-ல் வெளிவந்தது. அவர்களில் 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ முடிந்த உடனேயோ இதயம் நின்றது, 42 பேர் இறந்தார்கள். அதாவது 1,84,000 பேரில் ஒருவர். ஆபத்து மிகக் குறைவு, ஓட்டத்தின் பலனோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவு. ஆனால் நமக்கு ஒரு கூடுதல் கவலை உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாட்டவர்களுக்கு அது கிட்டத்தட்ட 59. முப்பதுகளில் இருப்பவர்கள் 'நமக்கென்ன' என்று இருக்க முடியாது.

அதனால் வாட்ச் என்ன சொன்னாலும் இந்த நாட்களில் ஓடக் கூடாது:

- காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இருக்கும்போது. வைரஸ் காய்ச்சலின்போது கடினமாக உழைத்தால் இதயத் தசை அழற்சியின் ஆபத்து கூடலாம். கொச்சியில் மழைக்காலத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் சாதாரணம். காய்ச்சல் விட்ட மறுநாளே ஓட்டத்தைத் தொடங்காதீர்கள்.
- ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால். அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
- ஓட்டத்தின் நடுவே மயக்கம் வந்திருந்தால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால், படபடப்பு அடங்காவிட்டால்.
- வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால், டாக்டரிடம் காட்டி இசிஜி, தேவைப்பட்டால் எக்கோ எடுத்த பிறகே நீண்டதூரப் பயிற்சிக்கு வர வேண்டும்.

இன்னொன்று: ஓட்டக் குழுவில் எல்லோரும் சிபிஆர் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓடுபவர் சரிந்து விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், 108-க்கு அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குபவர்தான் அவர் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறார். அமெரிக்க ஆய்விலும், பக்கத்தில் இருந்தவர்கள் உடனே சிபிஆர் தொடங்கியதற்கும் உயிர் பிழைத்ததற்கும் வலுவான தொடர்பு இருந்தது.

சரி, இன்று ஓடலாமா?

மட்டாஞ்சேரிக் காலைக்குத் திரும்புவோம். மணி 5.20. வாட்ச் சிவப்பு. காய்ச்சல் இல்லை, நெஞ்சு வலி இல்லை, படபடப்பு இல்லை. போன வாரச் சராசரி வழக்கமான எல்லைக்குள்தான் இருக்கிறது. நேற்று தூக்கம் குறைவு, சாப்பாடு லேட். காரணம் தெரிகிறது.

அப்படின்னா ஓடலாம். ஆனால் வேக ஓட்டம் நாளைக்கு. இன்று பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே கடற்கரை வரை போய், சீனவலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நடுவில் உடம்பு வேண்டாம் என்றால் நடந்து வரலாம். ராத்திரி 10 மணிக்குப் படுத்துவிட்டு நாளைக் காலை எண்ணைப் பாருங்கள்.

நாளையும் சிவப்பு, மறுநாளும் சிவப்பு, கூடவே உடம்பு சூடு என்றால் ஷூவைக் கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள். மாரத்தான் அடுத்த வருஷமும் வரும்.